கடற்பாசிகளை இனங்காண்போம்



கடற்பாசி என்றதும் எமது வீட்டுப் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது தட்டில் தளதளக்கும் இனிப்புப் பண்டமே. ஜெலற்றின் விலங்கிலிருந்து பெறப்படுவதால், சைவ உணவு உண்போர் அதற்குப் பதிலாக அகர் அகரைப் பயன்படுத்துகின்றனர். அது கடலில் வளரும் சில செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருந்து நூல்களில் ‘இலங்கைப் பாசி’ என்றும் ‘யாழ்ப்பாணப் பாசி’ என்றும் குறிக்கப்பட்டது. எமது ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்தப் பாசியைக் கடலில் கண்டால் எம்மில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? அதற்கான முதற்பாடம் இது.

1. பாசியா, புல்லா?

யாழ்ப்பாணக் கரைகளில் ஒதுங்கும் சாதாழையைத் தோட்டங்களுக்குப் பசளையாக அள்ளிச் செல்வர். அதனைப் பாசி என்று பலரும் எண்ணுகின்றனர். அதிற் பெரும்பகுதி கடற்புல். கடற்புல் பூக்கும் தாவரம்; அதற்கு மணலுக்குள் வேர் உண்டு, இலையில் நரம்பு உண்டு. பாசிக்குப் பூவும் இல்லை, உண்மையான வேரும் இல்லை. கல்லையோ பவளப்பாறையையோ பற்றிக்கொள்ளும் பிடிப்பு மட்டுமே உண்டு. ஆகவே எதைக் கண்டாலும் முதலில் அடியைப் பாருங்கள்.

2. நிறம்

பாசிகள் பச்சை, கபிலம், சிவப்பு என மூன்று பெரும் பிரிவின. பச்சையில், மெல்லிய தாள் போன்றது உல்வா. சிறு திராட்சைக் குலை போன்றது கோலர்பா. நாணயங்களைக் கோத்தது போலச் சுண்ணாம்பேறிக் கடினமாக இருப்பது ஹலிமீடா. கபிலத்தில், விசிறி வடிவில் வளையக் கோடுகளுடன் இருப்பது பாடினா. காற்றுக் குமிழ்களால் நீரில் நிமிர்ந்து நிற்பது சர்காசம். சிவப்பில்தான் கவனம் தேவை. கடும் வெயில் படும் இடத்தில் செம்பாசி மஞ்சளாகவோ பச்சையாகவோ தோன்றும். நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லக்கூடாது.

3. தொட்டுப் பார்த்தல்

யாழ்ப்பாணப் பாசி எனப்பட்டது கிரசிலேரியா என்னும் செம்பாசி. அதன் கிளைகள் உருண்டு, சதைப்பற்றுடன், வளைத்தால் எளிதில் முறியும். ஜெலிடியெல்லா கம்பி போல விறைப்பானது. இருபுறமும் குறுங்கிளைகள் விட்டு இறகு போலத் தெரியும். அகாந்தோபோரா கிரசிலேரியாவைப் போலவே தோன்றும். ஆனால் அதன் கிளைகளிற் சிறு முட்கள் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று இருந்தால் இந்த வேறுபாடு உடனே புலப்படும்.

4. குறிப்பேடு

கணக்கியலில் வவுச்சர் இல்லாத பதிவை எவரும் ஏற்பதில்லை. தாவரவியலாளரும் தமது ஆதார மாதிரியை வவுச்சர் என்றே அழைக்கின்றனர். இடம், திகதி, ஆழம், பாசி பற்றியிருந்த பொருள், ஈரத்தில் இருந்த நிறம் ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். காய்ந்தபின் நிறமும் வடிவமும் மாறிவிடும். கரையில் ஒதுங்கியதே படிப்புக்குப் போதும். உயிருள்ளதைப் பிடுங்காமற் படம் எடுங்கள். மன்னார் வளைகுடாவில் தமிழ்நாட்டுப் பக்கத்து 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன என்பதையும் மறக்கவேண்டாம்.

5. இங்கேயே பழகலாம்

ஊர் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் பாறைக் கரைகளிற் குமிழ்ப் பாசியைக் காணலாம். அதன் நடுநரம்பின் இருபுறமும் குமிழ்கள் இணை இணையாக இருக்கும். சர்காசத்திலோ ஒவ்வொரு குமிழும் தனிக் காம்பில் நிற்கும். ஜப்பானியச் சர்காசம் ஒன்று 1973இல் வைற் தீவில் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் தென்கரையெங்கும் பரவியுள்ளது. எமது கடற் பாசியின் உறவை இங்கேயே பார்க்கலாம். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களிற் கடல் அதிகம் வற்றும். ஆனால் இங்கே நீர் பல மீற்றர் ஏறி இறங்குவதால், வற்றுப்பெருக்கு நேர அட்டவணையைப் பாராமற் பிள்ளைகளுடன் இறங்கவேண்டாம்.

6. பெயர்கள்

விஞ்ஞானப் பெயர்களுக்கு ஏடு உண்டு. 1853இல் அயர்லாந்து அறிஞர் வில்லியம் ஹார்வி இலங்கையிற் பாசிகளைச் சேகரித்தார். 1961இல் எம். துரைரத்தினம் எழுதிய இலங்கைக் கடற்பாசி ஆய்வை மீன்பிடி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. ஊர்ப் பெயர்களோ நாவில் வாழ்பவை. இராமநாதபுரக் கரையிற் பாசி எடுக்கும் பெண்கள் கிரசிலேரியாவைக் கஞ்சிப்பாசி என்பர்; ஜெலிடியெல்லாவை மரிக்கொழுந்துப் பாசி என்பர்; சர்காசத்தைக் கட்டக்கோரை என்பர். தொடர்ந்து கடலுக்குப் போவதால் அப்பெயர்கள் அங்கே நிலைத்துள்ளன.

எமது நிலை வேறு. மயிலிட்டி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தனர். துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு தலைமுறை அந்தக் கரையிற் கால் வைக்காமலே வளர்ந்துவிட்டது. அக்கரைகளின் பெயர்களை அறிந்த பலர் இன்று ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் அம்மம்மாவாக, அப்பப்பாவாக இருக்கின்றனர்.

பயிற்சி: மேலே கூறிய பாசிகளின் படங்களை அவர்களிடம் காட்டுங்கள். “இதை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள்? எதற்குப் பயன்படுத்தினீர்கள்?” என்று கேளுங்கள். சொன்னவரின் ஊரையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பாசியைப் பின்னரும் தேடலாம். பெயரை இப்போதே கேட்டு எழுதவேண்டும்.