வேலைக்குப் போய்க்கொண்டே மராத்தான்

மராத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்கும் போகிறவர்கள் அடிக்கடி சொல்வது: “இந்த ஆபீஸ் மட்டும் இல்லையென்றால் ஒழுங்காகப் பயிற்சி எடுத்திருப்பேன்.” முதலில் இந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். வேலை உங்கள் பயிற்சிக்கு ஒரு கரை கட்டித் தருகிறது.

இதற்கு உதாரணம் ஜப்பானிய மராத்தான் ஓட்டக்காரர் யூகி கவாவுச்சி. 2019 வரை அவர் சைதாமா மாகாண அரசு ஊழியராக இருந்தார். பள்ளி அலுவலகம் ஒன்றில் முழுநேர வேலை. அந்த நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களில் பலர் நிறுவன அணிகளில் சேர்ந்து ஓடுவதையே வேலையாகச் செய்கிறவர்கள். இவருக்கோ அப்போது அணியும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. காலையில் ஒரு வேளை ஓட்டம், மதியம் ஆபீஸ். 2018 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உறையவைக்கும் குளிரில் ஒரு சிறிய மராத்தானை ஓடினார். அதை முடித்தவர் அவர் ஒருவர்தான். ஏப்ரலில் அதே மாநிலத்தில் பாஸ்டன் மராத்தான். கொட்டும் மழை, எதிர்க்காற்று. முந்தைய ஆண்டு சாம்பியன் ஜெஃப்ரி கிருய் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். கடைசிக் கட்டத்தில் அவரைத் தாண்டி, 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் கவாவுச்சி முதலாவதாக வந்தார். வேலையை விட்டு முழுநேர ஓட்டக்காரர் ஆனது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

ஒரு வேளைதான் கிடைக்கும் என்று தெரிந்தால் அதை வீணாக்க மனம் வராது. உங்களுக்கும் அப்படி ஒரு வேளையை முடிவு செய்யுங்கள். வாரத்தில் நான்கு நாள், காலை ஐந்தரை மணி என்றால் அதில் மாற்றமே வேண்டாம். ஓடுவதா வேண்டாமா என்ற விவாதத்தை முந்தைய இரவே முடித்துவிடுங்கள். ஷூ, சாக்ஸ், டிஷர்ட் கதவருகே இருக்கட்டும். அலாரம் கைக்கு எட்டாத இடத்தில். அரைத்தூக்கத்தில் எடுக்கும் முடிவு எப்போதும் போர்வைக்குச் சாதகமாகத்தான் இருக்கும். ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அது இரண்டாவது கிலோமீட்டரில்தான் வரும். அங்கேயும் வராவிட்டால் திரும்பிவிடலாம் என்று உங்களுக்கே அனுமதி கொடுங்கள். திரும்புகிற நாட்கள் மிகக் குறைவு.

சென்னை மராத்தான் ஜனவரியில். அதனால் பயிற்சியின் முக்கியமான வாரங்கள் வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். வருடக்கடைசி டார்கெட்டும் அப்போதுதான் கழுத்தை நெரிக்கும். மேனேஜரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: “காலை எட்டரைக்கு முன் போன் கால் வேண்டாம் சார், மாலையில் எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன்.” தேதியோடு கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கெட்டுப்போனால் விட்டதையெல்லாம் அடுத்த வாரம் சேர்த்து ஓடாதீர்கள். அதில்தான் முழங்கால் போகும். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னைக் காப்பாற்றிக்கொண்டால் போதும், மற்றவை முன்னே பின்னே இருக்கலாம். அதிலும் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான் சரி. இல்லாவிட்டால் திங்கட்கிழமை மீட்டிங்கில் கண் சொருகும்.

மனசு சுத்தமாக ஒத்துழைக்காத நாட்களும் வரும். அதே 2018 பாஸ்டனில் பெண்கள் ஓட்டத்தில் ஓடிய டெஸ் லிண்டன், ஆரம்பத்திலேயே பாதியில் விலகிவிடலாமா என்று நினைத்தவர். எப்படியும் விலகப்போகிறோம், அதுவரை உதவுவோம் என்று போட்டியாளரான ஷலேன் ஃப்ளானகனிடம் பேசினார். ஃப்ளானகன் கழிவறைக்கு ஒதுங்கியபோது வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை மீண்டும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். அப்படி ஓடிக்கொண்டிருந்தவர்தான் அன்று வென்றார். என்னை மிகவும் நெகிழவைக்கும் ஓட்டம் இது. தன் வலியையே எண்ணிக்கொண்டிருப்பவரைவிட, இன்னொருவரைக் கவனித்தபடி ஓடுகிறவருக்குத் தூரம் குறைவாகத் தெரிகிறது. ஆபீஸில் ஓட ஆசைப்படும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் வராவிட்டால் அவர் தெருமுனையில் தனியாக நிற்பார் என்பதே உங்களை எழுப்பிவிடும்.

கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைக்க வேண்டும். அப்போது கால் கனக்கும், இல்லாத வலியெல்லாம் இருப்பதாகத் தோன்றும், இன்னும் ஒரு முப்பது கிலோமீட்டர் ஓடிப் பார்க்கலாமா என்று மனம் அரிக்கும். ஓடாதீர்கள். அந்த நேரத்தில் தேங்கிக் கிடக்கும் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு, ஓட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமைக்கு லீவ் போட்டுவிடுங்கள். அன்று மாடிப்படி இறங்குவதற்கே கைப்பிடி தேவைப்படும்.