பக்கத்து இருக்கையில் ஒரு குரு

ஸ்ரீமத் பாகவதத்தின் 11-ஆம் ஸ்கந்தத்தில் யது மன்னன் ஓர் அவதூதரைக் காண்கிறான். எதையும் தமதெனக் கொள்ளாத அவர் எவ்வாறு இத்துணை ஆனந்தமாக இருக்கிறார் என்று வினவுகிறான். அவதூதர் தமக்கு 24 குருமார்கள் இருப்பதாகக் கூறி, பூமி, காற்று, கடல், தேனீ என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அந்த வரிசையில் ஒரு குழந்தையும் இருக்கிறது. மானத்தையும் அவமானத்தையும் பொருட்படுத்தாமல், வீடு வாசல் பற்றிய கவலையின்றித் தனக்குள்ளேயே விளையாடி மகிழும் இயல்பைக் குழந்தையிடம் கண்டதாக அவர் கூறுகிறார்.

கேட்பதற்கு இனிமையான உபதேசம்தான். ஆனால் அந்தக் குரு அடுத்த இருக்கையில் அமர்ந்து ஓயாமல் அழத் தொடங்கினால்?

டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எங்கும் நிற்காமல் பறக்க ஏறத்தாழ 16 மணி நேரமாகிறது. கான்பூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அந்நேரம் முழுவதையும் ஜபத்தில் கழிப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்டு விமானத்தில் ஏறினார். அங்கே அவருடைய மகன் குடும்பத்துடன் வசிக்கிறான். மூன்று வயதுப் பேரனை அவர் கணினித் திரையில் மட்டுமே கண்டிருக்கிறார். தாத்தாவின் குரல் கேட்டதும் அவன் ஓடி ஒளிந்துகொள்வான். மகனும் சிறு வயதில் அவரைக் கண்டு அப்படித்தான் ஒளிந்தான். அதை அவர் அந்நாளில் மரியாதை என்று எண்ணியிருந்தார்.

பக்கத்து இருக்கையில் நான்கு வயதுச் சிறுமி, அதற்கப்பால் களைத்துப்போன தாய். இடுப்பில் பட்டையை மாட்டியதுமே சிறுமி அழத் தொடங்கினாள். பெரியவர் பணிப்பெண்ணிடம் வேறு இடம் கேட்டார். ஓர் இருக்கையும் காலியாக இல்லை. பிறகு இரு கைகளையும் நீட்டி, “வா பேட்டி, தாதாஜியிடம் வா” என்று அழைத்தார். சிறுமி தாயின் தோளில் முகம் புதைத்து முன்னிலும் உரக்க அழுதாள்.

பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை இது. பெயரைச் சொல், பாட்டுப் பாடு, மடியில் உட்கார் என்கிறோம். கொடுப்பதாக நினைத்துக்கொண்டு குழந்தையிடம் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அது தர மறுத்தால் நமக்கு வருத்தம், அவமானம்கூட.

ஜபத்தில் மனம் நிற்கவில்லை. மாலையைப் பையில் வைத்துவிட்டு, அவர் கைக்குட்டையை எடுத்து மடித்தும் முடிந்தும் ஓர் எலி செய்தார். தம் பிள்ளைப் பருவத்தில் கற்ற வித்தை அது. யாருக்காகவும் செய்யவில்லை. செய்ததை மேசைப் பலகையில் வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் அழுகை நின்றது. கண் திறந்தபோது எலி சிறுமியின் கையில் இருந்தது.

அவள் அதைக் கீழே எறிந்தாள். அவர் எடுத்துக் கொடுத்தார். மீண்டும் எறிந்தாள், மீண்டும் எடுத்தார். இருபது முறைக்கு மேல் இது நடந்தது. ஒருமுறைகூட அவருக்குச் சினம் எழவில்லை. அதை உணர்ந்தபோதுதான் பல ஆண்டுகளாகப் பாராயணம் செய்துவரும் கீதையின் ஆறாம் அத்தியாயம் அவர் நினைவுக்கு வந்தது. அலையும் மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கிருந்தெல்லாம் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்கிறது 26-ஆம் ஸ்லோகம். அதற்கு முந்தைய ஸ்லோகமோ மெல்ல மெல்ல என்று வற்புறுத்துகிறது. முதற்சொல்லை அவர் விடாமல் பின்பற்றியிருந்தார், இரண்டாவதை விட்டுவிட்டார். ஓடிய மனத்தை ஒவ்வொரு முறையும் குற்றவாளியைப் போல் இழுத்து வந்து நிறுத்தியிருந்தார். மகனையும் அவ்வாறே வளர்த்திருந்தார்.

பறக்கும்போது விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போல, அதாவது ஏறக்குறைய உதகமண்டலத்தில் இருப்பது போல, குறைந்திருக்கும். விமானம் இறங்குகையில் அழுத்தம் மீண்டும் கூடுகிறது. தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குறுகலானது. அது எளிதில் திறவாததால் காது வலிக்கும். எதையேனும் விழுங்கினால் குழல் திறக்கும். சிறுமி காதைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்ததும் பெரியவர் தாயின் அனுமதியுடன் ஒரு குவளைத் தண்ணீரை அவளிடம் கொடுத்து, தாமும் ஒன்றை எடுத்துக்கொண்டார். குருவி குடிப்பது போல இருவரும் சிறிது சிறிதாக, போட்டியிட்டுக் குடித்தார்கள். சிரிப்பில் பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

விமானம் நின்றதும் சிறுமி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். விடைபெறவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. எலி இருக்கையிலேயே கிடந்தது. இத்தனை மணி நேர நட்புக்குப் பிறகும் பற்றின்றிச் செல்ல அவளால் முடிந்தது. பெரியவருக்கோ தொண்டை அடைத்தது.

வெளியே மகன் காத்திருந்தான். பேரன் அவன் கால்களுக்குப் பின்னே ஒளிந்திருந்தான். “தாத்தாவுக்கு வணக்கம் சொல்” என்று மகன் அதட்டினான். பெரியவர் வேண்டாமென்று கையசைத்தார். அருகிலிருந்த இருக்கையில் அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினார்.