ஹீட்டர் பிளக் கழற்றப்போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

ஒரு டாடா ஏஸும் ஓர் இண்டிகாவும் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கின்றன, இரண்டு ஓனர்களும் ஹீட்டர் பிளக்கை மாற்றச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்கட்டும் என்று கேட்டிருந்தாய். ஸ்பேனரை எடுக்கும் முன் மீட்டரை எடு. இந்த வேலையைப் பற்றி உன்னிடம் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: கை பலத்தை மிச்சம் பிடி, நேரத்தைத் தாராளமாகச் செலவழி. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது என்பது உனக்குத் தெரியும். பிஸ்டன் காற்றை இறுக்குகிறது. இறுக்கிய காற்று கொதிக்கிறது. அதில் டீசல் பட்டதும் தானாகப் பற்றுகிறது. ஓடிச் சூடேறிய இன்ஜினில் இதற்கு வேறு உதவி தேவையில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கதை வேறு. இறுக்கிய காற்றின் சூட்டைக் குளிர்ந்த ஹெட்டும் சிலிண்டர் சுவரும் உறிஞ்சிவிடும். அந்தக் குறையை நிரப்பத்தான் இந்தச் சின்னப் பிளக். உள்ளே ஒரு கம்பிச் சுருள். அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள். வெளியே சூடு தாங்கும் உலோகக் குழாய். சாவியைத் திருப்பிய சில நொடிகளில் நுனி 850 டிகிரி வரை பழுக்கும்.

எல்லா டீசல் இன்ஜினுக்கும் இந்தத் தேவை ஒரே அளவில் இல்லை. பழைய டிரைவர்கள் உன்னிடம் சொல்வார்கள்: ‘பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஹீட்டர் பிளக்கே கிடையாதே, அது ஸ்டார்ட் ஆகலையா?’ அவர்கள் சொல்வது சரிதான், காரணத்தையும் நீ தெரிந்துகொள். பஸ் இன்ஜின் பெரியது. டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் உள்ள குழிக்குள் பீய்ச்சப்படுகிறது. சூடு அதிகம் வீணாவதில்லை. டீசல் அம்பாசடர், பழைய சுமோ, 1998-இல் வந்த இண்டிகா, 2005-இல் வந்த ஏஸ் ஆகியவற்றின் இன்ஜின்களில் ஹெட்டுக்குள் தனியாக ஒரு சின்ன அறை உண்டு. டீசல் முதலில் பற்றுவது அங்கேதான். சின்ன அறையில் கொள்ளும் காற்றைவிட அதைச் சுற்றியுள்ள சுவரின் பரப்பு விகிதத்தில் அதிகம். அதனால் சூடும் வேகமாகப் போய்விடும். இந்த வகை இன்ஜினுக்கு நம் ஊர் வெயிலிலும் ஹீட்டர் பிளக் தேவைதான்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பனிப் பிரதேசத்தில் பிளக் செத்தால் வண்டி அன்றைக்கே நின்றுவிடும். ஓனர் உடனே பட்டறைக்கு வருவார். வெம்பக்கோட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் குளிர். நாலில் ஒரு பிளக் போனாலும் வண்டி கிளம்பிவிடும். கொஞ்சம் உதறும், கொஞ்சம் வெள்ளைப் புகை விடும், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். ஓனரும் கண்டுகொள்ள மாட்டார். இரண்டாவது பிளக்கும் போகும். டிரைவர் செல்ஃபைக் கூடுதல் நேரம் பிடிப்பார். பேட்டரி வலுவிழக்கும், செல்ஃப் மோட்டாரின் கார்பன் தேயும். கடைசியில் வண்டி உன்னிடம் வரும்போது ‘பேட்டரி வீக்’ என்ற பெயரில் வரும். புது பேட்டரி போட்டதும் செல்ஃப் வேகமாகச் சுற்றும், வண்டி கிளம்பும். நோய் உள்ளேயே இருக்கும். ஏஸில் இது இன்னும் மோசம். அதற்கு இரண்டே சிலிண்டர். ஒரு பிளக் போனால் காலையில் பாதி இன்ஜின் இல்லை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஸ்டார்ட் ஆகாத வண்டியை நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். எண்ணெய்த் துணியைக் கொளுத்தி ஏர் பில்டர் வாயில் காட்டுவார்கள். எந்த ஊரிலும் அது தப்பு. தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, விஜயகரிசல்குளம் என்று சுற்றிலும் பட்டாசு ஆலைகள் இருக்கும் இடத்தில், ஆள் ஏற்றவும் சரக்கு ஏற்றவும் போகிற வண்டிக்குப் பக்கத்தில் கொளுத்திய துணியைப் பிடிப்பதை நினைத்துப் பார். கலவை அறைக்குள் போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிற ஊர் இது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சன்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. ஒரு பிளக்கை ஒழுங்காக மாற்றிக் கொடுத்தால், அந்தத் துணியைக் கொளுத்தும் தேவையே ஒருவருக்கு வராமல் செய்கிறாய். உன் வேலையின் மதிப்பு அதுதான்.

ஆகவே ஒழுங்குகளை முதலில் சொல்கிறேன். பட்டாசோ, மருந்தோ, காகிதக் குழாயோ ஏற்றிய வண்டி வந்தால் சரக்கு முழுவதும் இறங்கிய பிறகே பட்டறைக்குள் விடு. பெட்டியின் மூலைமுடுக்கை ஈரத்துணியால் துடைக்கச் சொல். பட்டையிலோ பிளக்கிலோ ஸ்பேனர் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடு. கழற்றிய பிளக்கைப் பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, உனக்கு வேண்டாம். பிடி நழுவினால் கை வெந்துவிடும், வயர் தொடும் இடத்தில் பொறி பறக்கும். பிளக் செத்ததா இல்லையா என்பதை மீட்டரே சொல்லிவிடும். ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயையும் ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அடிக்காதே. பழுத்த நுனியில் ஈதர் ஆவி பட்டால் காற்றுக் குழாய்க்குள்ளேயே வெடிக்கும்.

இனி அளவுக்கு வருவோம். முதலில் பேட்டரி: ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. அடுத்து, யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் பிளக்கின் டெர்மினலில் டெஸ்ட் லைட்டை வை. எந்தப் பிளக்கிலும் எரியவில்லை என்றால் பிளக்குகள் மேல் பழி போடாதே. ரிலேயையும் பியூஸையும் பார். நாலு பிளக்கும் சேர்ந்து தொடக்கத்தில் 60 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அவ்வளவு மின்சாரம் பாயும் சூட்டில் பழைய ரிலேயின் கான்டாக்ட் கருகிப்போவது சாதாரணம். மின்சாரம் வருகிறது என்று தெரிந்த பிறகு, எல்லாப் பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓம் பார். குளிர்ந்த நல்ல பிளக் அரை ஓமிலிருந்து 2 ஓமுக்குள் காட்டும். மீட்டர் முடிவிலியைக் காட்டினால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஓனரிடம் காட்டு. வாய்ப்பேச்சை நம்பாதவரும் தாளில் உள்ள எண்ணை நம்புவார்.

அடுத்தது கழற்றுவது. தொழிலின் கஷ்டமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. பிளக்கின் மரை சின்னது. ஏழெட்டு வருடக் கார்பன் அதை ஹெட்டோடு ஒட்ட வைத்திருக்கும். 10 எம்எம் மரையுள்ள பிளக் ஏறத்தாழ 35 நியூட்டன் மீட்டரில் முறியும். 8 எம்எம் பிளக் 20-லேயே முறியும். உன் வயதுக் கை, நீளமான ஸ்பேனரில், அந்த அளவை உணராமலே தாண்டிவிடும். முறிந்த நுனி சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட்டை இறக்க வேண்டும். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ஆகிவிடும்.

வைப்பாற்றங்கரை மேட்டில் 2022-இல் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியபோது நம் பக்கத்து ஆட்கள் பலர் அந்த வேலைக்குப் போனார்கள். அங்கே ஒரு சங்கு வளையல் தட்டுப்பட்டால் யாரும் அதைப் பிடித்து இழுப்பதில்லை. சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் தள்ளித் தள்ளி, அது தானாக விடுபடும் வரை காத்திருப்பார்கள். பிளக்கையும் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலமே மரையைச் சுற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய். கரிசல் புழுதி ஒரு சிட்டிகைகூடச் சிலிண்டருக்குள் போகக் கூடாது. துரு இளக்கும் எண்ணெயை மரை வாயில் விட்டு ராத்திரி ஊற விடு. காலையில் இன்ஜினை ஓட விட்டு நன்றாகச் சூடாக்கு. சூட்டில் அலுமினிய ஹெட் பிளக்கைவிட அதிகம் விரிந்து இடம் கொடுக்கும். வண்டியை நிறுத்தி, டார்க் ரெஞ்சில் முறியும் அளவுக்கு நன்றாகக் கீழே ஓர் அளவை வைத்துக்கொண்டு திருப்பு. அசைந்தால் கால் சுற்று விடு, மறுபடி இறுக்கு, மறுபடி விடு. கிறீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்து, எண்ணெய் விடு, காத்திரு. அசையவே இல்லை என்றால் இன்னும் ஒரு ராத்திரி ஊறட்டும். ‘சாயங்காலம் வண்டி வேணும்’ என்று ஓனர் நிற்பார். ஊற வைக்கும் நேரத்தையும், முறிந்தால் ஆகும் செலவையும் கை வைக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடு. முறிந்த பிறகு சொல்லும் உண்மை சாக்காகத்தான் கேட்கும்.

வெளியே வந்த பிளக்கைத் தூக்கி எறியாதே. அதன் நுனியைப் படி. நுனி உருகியோ அரித்தோ இருந்தால் நாசில் சரியாகத் தெளிக்கவில்லை, அல்லது பம்ப் டைமிங் முந்தியிருக்கிறது. உப்பிப் பிளந்திருந்தால் பிளக்குக்கு வோல்ட் அதிகம் போயிருக்கிறது, அல்லது ரிலே ஒட்டிக்கொண்டு சாவியை எடுத்த பிறகும் சூடாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஈரமும் கரியுமாக இருந்தால் நாசில் ஒழுகுகிறது. இதைப் பார்க்காமல் புதுப் பிளக் போட்டு அனுப்பினால் அதே வண்டி கொஞ்ச நாளில் திரும்பி வரும். ஓனர் பிளக் கம்பெனியைத் திட்டுவார், உண்மையில் தப்பு நம்முடையது.

புதுப் பிளக் போடும் முன் துளையில் உள்ள கார்பனை அதற்கென்றே உள்ள ரீமரால் எடு. ரீமரின் பள்ளங்களில் கிரீஸ் தடவிக்கொள். கரி அதில் ஒட்டி வெளியே வரும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்று. கையால் ஏறாத மரை ஸ்பேனரில் ஏறினால், அது மரையைத் தின்றுகொண்டுதான் ஏறுகிறது. 8 எம்எம் பிளக்குக்கு 10 நியூட்டன் மீட்டர், 10 எம்எம் பிளக்குக்கு 15 அளவில் போதும். வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. மேலே உள்ள டெர்மினல் நட்டுக்கு இதில் சின்னப் பங்குதான் வேண்டும். அதை இறுக்கித் திருகினால் புதுப் பிளக்கின் உள் இணைப்பே அறுந்துவிடும்.

புது மாடல் கார்களுக்கும் இப்போதே தயாராகு. அவற்றில் ரிலேக்குப் பதில் கன்ட்ரோல் மாட்யூல் இருக்கிறது. பல பிளக்குகள் 5 வோல்ட்டுக்கும் கீழே வேலை செய்பவை. அதில் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் நொடியில் எரிந்துவிடும். செராமிக் நுனி உள்ள பிளக் கையிலிருந்து கீழே விழுந்தால் அதைப் போடாதே. கண்ணுக்குத் தெரியாத கீறல் பிறகு சிலிண்டருக்குள் சில்லாக உதிரும். பிளக்கின் உடம்பில் அச்சிட்ட வோல்ட்டையும் எண்ணையும் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். பழையதைக் காட்டி ‘இதே மாதிரி’ என்று வாங்காதே.

ஒன்று போயிருந்தால் நாலையும் மாற்றலாமா என்று கேட்பாய். நாலும் ஒரே காலத்தில் போட்டவை என்றால் மற்றவற்றுக்கும் ஆயுள் அதிகம் இருக்காது; சேர்த்து மாற்றுவதே நல்லது என்று சொல். காசு கஷ்டத்தில் உள்ள டிரைவராக இருந்தால், எண்கள் எழுதிய தாளைக் கொடுத்து முடிவை அவரிடம் விடு. ஆனால் நன்றாக இருக்கும் பிளக்கை ‘போச்சு’ என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதே. கழற்றிய எல்லாப் பிளக்கையும் அவர் கையில் கொடுத்துவிடு.

வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும்; அது எதையும் நிரூபிக்காது, இன்ஜின் சூடாக இருக்கிறதே. அன்று ராத்திரி வண்டி பட்டறையிலேயே நிற்கட்டும். மறுநாள் காலை 6 மணிக்கு, ஆலைக்கு ஆள் ஏற்றப்போகும் நேரத்தில், நீயே போய் ஸ்டார்ட் பண்ணு. செல்ஃப் பிடித்த உடனே உதறலில்லாமல், வெள்ளைப் புகையில்லாமல் ஓடினால் அப்போது பில் எழுது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கையில் சேரும் முதல் காசில் ஒரு நல்ல டார்க் ரெஞ்ச் வாங்கு, சின்ன அளவுகளைக் காட்டுவதாகப் பார்த்து வாங்கு. புது போன் பிறகு வாங்கிக்கொள்ளலாம். உன்னிடம் வேலை கற்க வரும் பையன் கையிலும் முதல் நாளே அதைக் கொடு. எவ்வளவு இறுக்கலாம் என்பதைவிட எங்கே நிறுத்த வேண்டும் என்று அவன் முதலில் கற்கட்டும். நம் ஊரில் அந்தப் பாடம் பட்டறைக்கு வெளியேயும் உதவும்.

அன்புடன்,
அண்ணன்,
வெம்பக்கோட்டை