கோப்புறையிலுள்ள கோப்புக்களின் பெயர்களை அட்டவணைத் தாளிற் கொணர்தல்

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இராஜஸ்தானத்துச் சூரத்கட்டில் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலமாயின் 2.5 ஹெக்டேருக்கு ஒன்றும், மானாவாரி நிலமாயின் 10 ஹெக்டேருக்கு ஒன்றுமாக மண் மாதிரி எடுக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. இக்கணக்கின்படி 1,000 ஹெக்டேர் பாசன நிலமுள்ள ஒரு பகுதிக்கு 400 மாதிரிகளாகின்றன. ஒவ்வொன்றின் ஆய்வு முடிவும் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படின், அவற்றுள் ஒன்று விடுபட்டிருப்பது கண்ணுக்குப் புலப்படாது. விதைப்பு நெருங்கி, உழவர் நேரில் வந்து வினவும்போதே அது தெரியவரும். அதற்குள் அடியுரமிடும் காலம் கடந்துபோதலும் உண்டு. மாணவரின் ஒப்படைப்புக்களைக் கோப்புக்களாகப் பெறும் ஆசிரியர்க்கும் இதே இடர் நேர்கின்றது.

பெயர்களைக் கையால் எழுதிச் சரிபார்ப்பது வீண் உழைப்பாகும், பிழைக்கும் இடந்தரும். கணிப்பொறியே பட்டியலைத் தரவல்லது.

விண்டோஸ் கணிப்பொறியில் கோப்புறையைத் திறந்து, முகவரிப் பட்டையில் 'சிஎம்டி' எனத் தட்டினால் கட்டளைச் சாளரம் தோன்றும். அதில் ஆங்கில எழுத்துக்களில் 'டிஐஆர் /பி > பட்டியல்.டிஎக்ஸ்டி' எனக் கட்டளையிட, பெயர்கள் யாவும் ஒரு கோப்பில் எழுதப்படும். கட்டளை இயங்குமுன்னரே அக்கோப்பு உண்டாக்கப்படுவதால் அதன் பெயரும் பட்டியலில் இடம்பெறும். அதனை நீக்கிவிடுதல் வேண்டும். இன்றேல் எண்ணிக்கையில் ஒன்று மிகும்.

எக்ஸெல் 2016 முதலான பதிப்புக்களை உடையோர்க்கு இதனினும் சிறந்த வழியுண்டு. 'டேட்டா' என்னும் பகுதியில் 'கெட் டேட்டா', 'பிரம் பைல்', 'பிரம் போல்டர்' என முறையே தெரிவுசெய்து, கோப்புறையைக் காட்டி, 'டிரான்ஸ்பார்ம் டேட்டா' என்பதை அழுத்துக. பெயர், நீட்டிப்பு, மாற்றப்பட்ட நாள், இருப்பிடம் ஆகியன தனித்தனிப் பத்திகளாக வரும். உட்கோப்புறைகளிலுள்ளனவும் இதில் அடங்கும். பெயர்ப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு தாளில் ஏற்றிவிடலாம். பின்னர்க் கோப்புக்கள் சேர்ந்தாலும் 'ரிப்ரெஷ்' செய்தாற் போதும். பட்டியல் தானே புதுப்பிக்கப்படும்.

இதுவரை எளிது, இடர் இனித்தான். ஒன்பதாம் ஊரின் பன்னிரண்டாம் மாதிரிக்கு '09-12.பிடிஎஃப்' எனப் பெயரிட்டிருப்பதாகக் கொள்வோம். நீட்டிப்பை நீக்கும்பொருட்டு எக்ஸெல் தாளில் 'ரிப்ளேஸ்' செய்த அக்கணமே, எஞ்சிய '09-12' என்பதை இந்தியத் தேதி முறையில் டிசம்பர் 9 எனக் கொண்டுவிடும். '0012' என்பதோ வெறும் 12 ஆகிவிடும். இமாசலப் பிரதேசத்தின் மக்கட்கணக்குக் குறியீடு 02, உத்தரப் பிரதேசத்தினது 09; இவற்றின் முன்னுள்ள சுழியும் இவ்வாறே மறையும். இக்குற்றம் அறிஞரையும் விட்டதில்லை. மரபணுப் பெயர்கள் சில தேதிகளாக மாறிவந்தமையால், மனித மரபணுப் பெயரிடு குழு அவற்றின் பெயர்களையே மாற்றியதை 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளிற் காணலாம். மென்பொருளைத் திருத்துவதினும் மரபணுவின் பெயரைத் திருத்துவது எளிதாயிற்று போலும்!

ஆகவே, நீக்குமுன்னரே அப்பத்தி முழுவதையும் 'டெக்ஸ்ட்' வடிவினதாக அமைத்துவிட வேண்டும். இரண்டாம் முறையைக் கையாளுவோர் தாளில் ஏற்றுமுன்பே 'எக்ஸ்டிராக்ட்' வாயிலாகப் புள்ளிக்கு முற்பட்ட பகுதியை மட்டும் பிரித்தெடுப்பது நலம்.

அடுத்து, மாதிரிப் பதிவேட்டின் எண்களை அதே தாளில் மற்றொரு பத்தியில் அமைத்து, 'மேட்ச்' என்னும் சார்பினால் ஒவ்வோர் எண்ணையும் கோப்புப் பட்டியலில் தேடச் செய்க. இரு பத்திகளும் 'டெக்ஸ்ட்' வடிவிலேயே இருத்தல் வேண்டும். ஒன்று எண்ணாகவும் மற்றது எழுத்தாகவும் இருப்பின், உள்ளனவும் இல்லாதனவாகத் தோன்றும். பிழைக்குறி காட்டும் வரிகள் கோப்பில்லாத மாதிரிகளைக் குறிப்பன. ஆயினும் அவற்றுக்காக ஆய்வுக்கூடத்திற்கு எழுதுமுன், கோப்புப் பெயர்களைப் பதிவேட்டிலும் திருப்பித் தேடுதல் வேண்டும். பதிவேட்டிற் காணப்பெறாத பெயருடைய கோப்பு ஏதேனும் அகப்படின், அதனைத் திறந்து உழவர் பெயரையும் புல எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க. காணாமற்போனதாகக் கருதிய மாதிரி தவறான பெயரில் அங்கேயே இருத்தல் கூடும்.