டாக்டர் பட்டத்துக்குப் பிறகும் படிப்பா?

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். பள்ளிப் படிப்பு 12 ஆண்டுகள். இளநிலைப் பட்டம் 3 ஆண்டுகள். முதுநிலைப் பட்டம் 2 ஆண்டுகள். முனைவர் பட்டம் எனப்படும் பி.எச்டி. ஏறத்தாழ 5 ஆண்டுகள். கூட்டினால் 22 வருகிறது. இத்தனையும் முடிக்கும்போது ஒருவருக்கு 27 அல்லது 28 வயது ஆகியிருக்கும். 'அப்பாடா, ஒரு வழியாகப் படிப்பு முடிந்தது!' என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் குழந்தைகளின் நோய்களுக்குப் புதிய சிகிச்சை காண விரும்பும் விஞ்ஞானிக்கு அப்போதும் படிப்பு முடிவதில்லை. மேலும் சில ஆண்டுகள் அவர் ஒரு தேர்ந்த ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற வேண்டும். இதற்கு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பயிற்சி என்று பெயர். சுருக்கமாக 'போஸ்ட் டாக்' என்பார்கள்.

'டாக்டர் பட்டமே வாங்கியாயிற்று. அதற்கு மேல் என்ன பயிற்சி?' என்பது நியாயமான கேள்விதான். விடை தேடி நான் வெகு தூரம் போகவில்லை. நான் வசிக்கும் கொரட்டூரை அடுத்து இருக்கிறது அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஐ.டி.ஐ. தேறிய இளைஞர் ஒருவர் அங்கே ஒரு லேத் பட்டறையில் அப்ரண்டிசாகச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேத் ஓட்ட அவருக்குத் தெரியும். கையில் சான்றிதழும் இருக்கிறது. ஆனால் கடையும்போது எழும் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று கண்டுகொள்வதும், இதுவரை யாரும் செய்யாத ஒரு பாகத்தை எங்கே தொடங்கி எப்படிக் கடைவது என்று தீர்மானிப்பதும் சான்றிதழில் வருவதில்லை. மூத்த தொழிலாளியின் அருகில் நின்று, சில துண்டுகளைப் பாழாக்கி, அதன் பிறகே கைவருகின்றன. விஞ்ஞானிக்கும் இதே கதைதான். அவர் கடைவது இரும்பையன்று என்பது மட்டுமே வேறுபாடு.

இந்தப் பயிற்சிக் காலம் என்ன பயன் தரும் என்பதை ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டே பார்ப்போம்.

சென்னையிலிருந்து பாஸ்டனுக்கு

கொரட்டூரில் மின்சார ரயில் ஏறினால் வில்லிவாக்கம், பெரம்பூர், பேசின் பாலம் எல்லாம் கடந்து சென்ட்ரலில் இறங்கலாம். சாலையைக் கடந்தால் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதர் உடுத்தினார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தகுதிதான் அவருக்குக் கிடைத்தது.

1923இல் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். செலவுக்காக ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை செய்துகொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப மண்டல நோய்கள் பற்றிப் படித்தார். பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர் வேதியியலாளரிடம் சேர்ந்தார்.

அங்கே அவர் முதலில் கற்றது அளக்கும் கலை. இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படி அறிவது? பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டைச் சேர்த்து, பிறகு ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்தால் கரைசல் நீல நிறம் பெறும். பாஸ்பேட் மிகுதியானால் நீலமும் அடர்த்தியாகும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு இதை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் 1925இல் வெளியிட்ட இந்த முறை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவியது. நிறத்தைக் கொண்டு நிறையை அளக்கும் இந்த முறையை வைத்தே அவர்கள் தசையில் பாஸ்போகிரியேட்டினைக் கண்டனர். உடலின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏ.டி.பி.யை 1929இல் பிரித்தெடுத்தனர். ஏறத்தாழ அதே சமயம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதைத் தனியே கண்டுபிடித்திருந்தார்.

1930இல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. நம் கதைக்கு முக்கியமான காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பட்டத்துக்குப் பின் பத்து ஆண்டுகள்

பட்டம் பெற்ற பின்னும் அவர் ஹார்வர்டிலேயே ஆய்வைத் தொடர்ந்தார். கல்லீரல் சாற்றில் இரத்தசோகையைப் போக்கும் பொருள் ஏதோ இருப்பதாக அப்போது தெரிந்திருந்தது. அந்தப் பொருளைப் பிரித்தெடுப்பதில் அவர் இறங்கினார். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் சோதிக்க வேண்டும். பயனற்றதை ஒதுக்கி, எஞ்சியதை மீண்டும் பிரிக்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் கிடைப்பது 'இல்லை' என்ற விடைதான். எந்தத் தோல்வி வழிகாட்டுகிறது, எந்தத் தோல்வி வெறும் கைத்தவறு என்று பிரித்தறியும் பழக்கம் இப்படித்தான் வரும். சோதனைக் குழாய்க்குள் நடப்பதையும் கட்டிலில் கிடக்கும் நோயாளிக்குள் நடப்பதையும் சேர்த்து எண்ணும் பழக்கமும் இப்படியே வரும்.

இத்தனைக்கும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி அமையவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். ஹார்வர்டில் பழகிய கையும் கண்ணும் அங்கே பலன் தந்தன. அவர் தலைமையில் இயங்கிய குழு, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைப் பிரித்தெடுத்து, 1945க்குள் செயற்கையாகவும் தயாரித்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் ஊர்களில் தரப்படும் டி.இ.சி. மருந்தும் இக்குழுவின் ஆய்வில் பிறந்ததே.

திரும்பாத சாவி

இனிக் குழந்தைகளிடம் வருவோம். எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே இரத்தப் புற்றுநோய். 1940களில் இதன் கடும் வகை கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் இறந்தனர். மருந்து என்று எதுவுமே இல்லை.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணராக இருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைப் பொருட்களை இக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்குப் பதில் விரைவுபடுவதாக அவருக்குத் தோன்றியது. இங்கே ஒரு நல்ல கேள்வி பிறந்தது. ஃபோலிக் அமிலம் நோயணுக்களை வளர்க்கிறது என்றால், அதைத் தடுத்தால் அவை வாடிவிடுமா?

தடுப்பது எப்படி? ஒரு பூட்டுக்கு அதன் சாவியைப் போலவே இன்னொரு சாவி செய்கிறோம். ஒரு பல் மட்டும் வேறு. அது பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாது. அது உள்ளே சிக்கியிருக்கும்வரை சரியான சாவியும் நுழைய முடியாது. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பை அணு அணுவாக அறிந்திருந்த லெடர்லி வேதியியலாளர்களால் அத்தகைய பொய்ச் சாவியைச் செய்ய முடிந்தது. அதன் பெயர் அமினோப்டெரின். உயிரணு பிளவுபட வேண்டுமானால் டி.என்.ஏ. புதிதாக உருவாக வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. வழி அடைபட்டால் வேகமாகப் பெருகும் நோயணுக்களே முதலில் திணறும்.

1947 இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரினைக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் முடிவுகள் வெளியாயின. 16 குழந்தைகளில் 10 பேரிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. அந்த நலம் தற்காலிகமானதே. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனால் மருந்தால் இந்த நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது முதல் முறையாகத் தெளிவாயிற்று. இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் காலமானார்.

பின்வந்தவர்கள் அமினோப்டெரினின் உறவுப் பொருளான மெத்தோட்ரெக்சேட்டை வேறு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று வின்கிரிஸ்டின். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. இன்று வசதி மிக்க நாடுகளில், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் பிழைக்கின்றனர். சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே பயின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், மும்பை, டெல்லி மருத்துவமனைகளும் 1980களில் கூட்டாக ஒரு சிகிச்சை முறையைக் கையாண்டு, பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை உயர்த்தின. நோயைத் தாமதமாகக் கண்டறிவதாலும், பணமின்றிச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதாலும் இழக்கும் குழந்தைகள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.

குழந்தை, சின்னப் பெரியவர் அல்லர்

குழந்தைகளுக்கான சிகிச்சைக்குத் தனிப் பயிற்சி எதற்கு? பெரியவருக்குக் கொடுப்பதில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் போதாதா? இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதற்கு ஒரு கனசதுரத்தைக் காட்டி விடை சொல்கிறேன்.

பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ., கன அளவு 1 கன செ.மீ. பக்கத்தை 2 செ.மீ. ஆக்கினால் மேற்பரப்பு 24, கன அளவு 8. மேற்பரப்பு 4 மடங்கு ஆகிறது. கன அளவோ 8 மடங்கு. அதாவது, சிறிய பொருளுக்குத் தன் கன அளவை ஒப்பிட மேற்பரப்பு அதிகம். குழந்தையின் உடலும் அப்படியே. வெப்ப இழப்பும் உடல் இயக்கத்தின் வேகமும் மேற்பரப்போடு நெருங்கிய தொடர்புடையவை. ஆகவே புற்றுநோய் மருந்துகள் பலவற்றை எடைக்கு இவ்வளவு என்று கணக்கிடாமல், உடலின் மேற்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

இதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. உயரத்தை செ.மீ.யிலும் எடையை கிலோகிராமிலும் எடுத்துப் பெருக்குங்கள். 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 100 செ.மீ. உயரமும் 16 கிலோ எடையும் உள்ள குழந்தைக்கு இது சுமார் 0.67 சதுர மீட்டர். 160 செ.மீ., 64 கிலோ உள்ள பெரியவருக்குச் சுமார் 1.69. எடையில் குழந்தை கால் பங்கு. பரப்பிலோ ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு! கைக்குழந்தைகளுக்கு இதுவும் அப்படியே பொருந்தாது. அவர்களுடைய கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முழுத்திறன் பெறவில்லை. இவற்றோடு, வளரும் எலும்பு, வளரும் மூளை ஆகியவற்றுக்குப் பல ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்றும் எண்ண வேண்டும். வேதியியல் மட்டும் அறிந்தவருக்கோ மருத்துவம் மட்டும் அறிந்தவருக்கோ இது அடங்காது. தம் துறையை விட்டு அடுத்த துறையின் வாசலில் மாணவராகப் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

இன்றைய பயிற்சி

இன்றும் இதே வழிதான். நோயாளியின் சொந்த டி அணுக்களை வெளியே எடுத்து, மரபணு மாற்றம் செய்து, புற்றுநோயணுக்களை அடையாளம் காணப் பழக்கி, மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சைக்குக் கார்-டி என்று பெயர். இந்தியாவிலேயே உருவான முதல் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக, அனுமதி கிடைத்தது. அதை உருவாக்கிய ஐ.ஐ.டி. பம்பாய்க் குழுவின் தலைவர் ராகுல் புர்வார், முனைவர் பட்டத்துக்குப் பின் பயிற்சி பெற்றது அதே ஹார்வர்டில்தான். டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் அவருடன் கைகோத்தனர்.

பயிற்சிக் காலத்தில் கிடைப்பது உதவித்தொகை. முடிந்ததும் வேலை உறுதி என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. நண்பர்கள் வீடு கட்டும் வயதில் இவர் இன்னும் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தை ஒருவர் தாங்கிக் கடக்க வேண்டுமானால் நாடும் அவருக்குத் துணை நிற்க வேண்டும். நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் 2008 முதல் கூட்டாக நடத்தும் இந்தியா அலையன்ஸ் போன்ற திட்டங்கள் இதற்காகவே ஏற்பட்டவை. வருங்காலத்தில் மருந்து காத்திருக்கும் ஒரு குழந்தைக்கு, இன்று ஒரு பயிற்சியாளருக்குக் கொடுக்கும் உதவித்தொகைதான் முதல் தவணை.

செய்து பாருங்கள்

1. உங்கள் உயரத்தையும் எடையையும் அளந்து, மேலே சொன்ன சூத்திரப்படி உடல் மேற்பரப்பைக் கணக்கிடுங்கள். (எடுத்துக்காட்டு: 144 செ.மீ., 36 கிலோ என்றால் 1.2 சதுர மீட்டர்.) இது கணக்குப் பயிற்சி மட்டுமே, மருந்தின் அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

2. ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடித் தம்ளர்களில் சம அளவு நீர் எடுத்து, 1, 2, 3, 4 சொட்டு நீல மை விடுங்கள். ஐந்தாவது தம்ளரில் உங்கள் நண்பர் எண்ணிக்கை சொல்லாமல் மை விடட்டும். எத்தனை சொட்டு என்று நிறத்தை ஒப்பிட்டுச் சொல்லுங்கள். சுப்பாராவ் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியது இந்த இடத்திலிருந்துதான்.