கண் கேட்டவருக்குக் கோல் கொடுத்த ஈசன்

'தப்பு என்னுடையதுதான்' என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால், விளக்கேற்றக்கூடக் கை கூசும். வீட்டுக்குத் தெரியாமல் சீட்டு கட்டி நகையை இழந்தவர்கள், ஆத்திரத்தில் கொட்டிய ஒரு வார்த்தையால் மகளையோ மருமகளையோ பிரிந்திருப்பவர்கள்... 'எந்த முகத்தோடு ஸ்வாமியிடம் போய்க் கேட்பது?' என்று தயங்குகிறீர்களா? சுந்தரமூர்த்தி நாயனாரின் சரிதத்தில் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணப்பதற்கு, 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? 'நான் சத்தியம் செய்யும்போது நீங்கள் கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள்' என்று ஈசனிடமே ஏற்பாடு செய்துகொண்டார்! சரி என்ற ஈசன், 'மகிழமரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்' என்று சங்கிலியாரிடம் சொல்லிவிட்டார். வேறு வழியின்றி அங்கேயே சத்தியம் செய்தார் சுந்தரர். மாசி உற்சவத்தில் மகிழடி சேவையாக நாம் தரிசிப்பது இதைத்தான்.

வசந்த காலம் வந்தது. திருவாரூர் நினைவு வாட்ட, சத்தியத்தை மீறிக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதுமே இரண்டு கண்களும் இருண்டுபோயின.

நாமாக இருந்தால் கோயில் பக்கமே போக மாட்டோம். அவரோ, பார்வையில்லாமல் தலம் தலமாகத் தடுமாறி நடந்தார். பிழை செய்யவில்லை என்று சாதிக்கவில்லை. 'பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில்தானே செய்தேன்' என்று உரிமையோடு முறையிட்டார். அப்படி வந்து சேர்ந்த தலம்தான் திருவெண்பாக்கம்.

'கோயிலில் இருக்கிறீர்களா?' என்று கேட்டார். 'இருக்கிறோம், நீ போய் வா' என்கிற மாதிரி, யாரோ அந்நியருக்குச் சொல்வதுபோல் பதில் வந்தது. கண் கேட்டவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். கோபத்தில் அதை அவர் வீசியதில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தலவரலாறு. இருட்டில் தடுமாறியவருக்கு மின்னலாக ஒளி காட்டினாளாம் அம்பாள்; அதனால் அவள் மின்னொளி அம்மை. (தகப்பன் கோபமாக இருக்கும்போது, தாய் தெரியாமல் சோறு போடுவாளே... எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது!)

பழைய கோயில் இருந்த இடம் இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்காக அந்த ஊரே கரைக்கு இடம்பெயர்ந்தது. திருவள்ளூரை அடுத்த பூண்டியில், புதிதாக எழுப்பிய ஆலயத்தில் இப்போது அருள்கிறார் ஊன்றீஸ்வரர். கொம்பு ஒடிந்த நந்தியையும், கோலோடு நிற்கும் சுந்தரரையும் அங்கே தரிசிக்கலாம். அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த நந்தியின் அருகில் கொஞ்சம் உட்காருங்கள்.

கோலை ஊன்றிக்கொண்டே காஞ்சிபுரம் போனார் சுந்தரர். ஏகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தி என்கிற குத்தாலத்தில் நீராட, உடலில் கண்டிருந்த நோய் நீங்கியது. வலக்கண் திரும்பியது திருவாரூரில்தான்.

பார்வை வந்தும், வீட்டுக்கதவு திறக்கவில்லை. சங்கிலியாரை மணந்ததை அறிந்த முதல் மனைவி பரவையார், 'உள்ளே வரக்கூடாது' என்றுவிட்டார். நியாயமான கோபம்தானே! அப்போதும் சுந்தரர் ஈசனைத்தான் கூப்பிட்டார். நள்ளிரவில், அர்ச்சகர் கோலத்தில் பரவையாரின் வீட்டுக்குத் தூது போனார் தியாகேசர். அம்மையார் மசியவில்லை. வெறுங்கையோடு திரும்பியவர், தோழர் அழுவதைப் பார்த்துவிட்டு, அந்த இரவிலேயே அதே தெருவில் மறுபடியும் நடந்தார். இந்த முறை தம்முடைய சொந்த உருவத்திலேயே!