திருக்கோயில் பெட்டகமும் தலைமைச் சாவியும்

காவடி எடுக்கும் அன்பர் தம் கைப்பையையும் நகையையும் கைத்தொலைபேசியையும் ஆலய மண்டபத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, மனக்கவலையின்றி இறைவன் திருமுன் செல்கிறார். அவர் கையில் இருப்பது ஒரு சிறு சாவி. அதே பெட்டகத்தைத் திறக்கும் இன்னொரு சாவி ஆலய அலுவலகத்தில் இருக்கும். அதுவே ‘மாஸ்டர் கீ’ எனப்படும் தலைமைச் சாவி. அதனை யார் வைத்திருப்பது, எப்போது எடுப்பது என்பது ஆலயத்தின் நாணயத்தைப் பொறுத்த செய்தி. ஆதலால் அடியார்களும் நன்கொடையாளர்களும் தொண்டர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

பல பூட்டுகளை ஒரு சாவி திறப்பது எப்படி?

லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய உருளைப் பூட்டில் சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் ஊசியும் மேலும் கீழுமாக இரண்டு துண்டுகள். சரியான சாவியை நுழைத்தால், அதன் வெட்டுகள் ஊசிகளை உரிய உயரத்துக்குத் தூக்கும். பிளவுகள் ஒரே கோட்டில் அமைய, உருளை சுழலும். தலைமைச் சாவிக்கென ஊசிகளில் இன்னொரு மெல்லிய துண்டைச் சேர்ப்பர். அதனால் இரண்டு உயரங்களில் பூட்டு திறக்கும்.

வசதி பெரிது, விலையும் உண்டு. தலைமைச் சாவி தொலைந்தால், அது திறக்கும் அத்தனை பூட்டுகளையும் மாற்ற வேண்டும். ஒரு சாதாரணச் சாவியையும் அதன் பூட்டையும் கொண்டே தலைமைச் சாவியின் அமைப்பைக் கண்டறியலாம் என்று மாட் பிளேஸ் என்னும் ஆய்வாளர் 2003இல் எடுத்துக்காட்டினார். ஆகவே உண்டியல், திருவாபரணப் பெட்டி, கருவறை ஆகியவற்றை இம்முறையில் சேர்க்கவே கூடாது. வங்கிப் பெட்டகம்போல் இருவர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும் முறையே அவற்றுக்கு உகந்தது.

பூரி தரும் பாடம்

ஒடிசாவின் பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் ‘ரத்ன பண்டாரம்’ என்ற கருவூலம் உண்டு. அங்குள்ள அணிகலன்கள் 1978இல் கணக்கெடுக்கப்பட்டன. 2018இல் ஆய்வுக்குச் சென்றபோது உள்ளறை திறக்கப்படவில்லை. அதன் சாவி காணவில்லை என்பது பின்னர் வெளியாயிற்று. விசாரணை ஆணையம் அமைந்தது. மாற்றுச் சாவி கிடைத்ததாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2024 ஜூலை 14 அன்று அம்மாற்றுச் சாவியும் பொருந்தாமல், அதிகாரிகள் முன்னிலையில் பூட்டுகள் உடைக்கப்பட்டன. பொருள் இருந்ததா, இல்லையா என்பது ஒருபுறம் இருக்க, ஆறு ஆண்டுகள் பக்தர்களின் உள்ளத்தில் ஐயம் குடிகொண்டதே பெரிய இழப்பு. மாற்றுச் சாவி இருந்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்றும் பார்த்து வைக்க வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. தலைமைச் சாவி எவர் இடுப்பிலும் தொங்கக் கூடாது. உறையிலிட்டு, இருவர் கையொப்பமிட்டு, இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும்.

2. எடுத்தவர், நேரம், காரணம், திருப்பித் தந்த நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

3. சாவி பதவிக்கு உரியது; ஆளுக்கு உரியதன்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறினால், சாவிகளை எண்ணி ஒப்படைத்த பின்பே மற்றவை.

4. அன்பர் சாவியைத் தொலைத்துவிட்டால், உள்ளே இருப்பவற்றை முதலில் அவர் சொல்ல வேண்டும். பிறகு இரு தொண்டர்கள் முன்னிலையில் திறக்கலாம். அந்தப் பூட்டை மாற்றாமல் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது.

5. மின்னணுப் பூட்டாயின் தொழிற்சாலை தந்த இரகசிய எண்ணை முதல் நாளே மாற்ற வேண்டும். ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் தனி எண் தருக. பணி முடிந்தவரின் எண்ணை அன்றே நீக்குக.

6. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் சாவிகளையும் எண்ணி, போட்டுப் பார்க்க வேண்டும்.

“இத்தனை ஆண்டு தொண்டு செய்தவரிடம் கையொப்பம் கேட்பதா?” என்று சிலர் மனம் வருந்தலாம். ஒரு பொருள் காணாமற் போகும் நாளில், பதிவேடு இல்லாவிட்டால் சாவி வைத்திருந்த நல்லவர் மீதே முதலில் பழி விழும். பதிவேட்டில் உள்ள ஒரு வரி அவரது மானத்தைக் காக்கும். கையொப்பம் கேட்பது அவநம்பிக்கையன்று; தொண்டருக்கு ஆலயம் அணிவிக்கும் கவசமாகும்.

அடியார் நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பதும் இறைபணியே. அப்பணி செவ்வனே நடைபெற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.